கரிசல் வானம் – 7: டகோட்டாவின் அடிவயிறு

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குக் கயத்தாறு என்றால் கட்டபொம்மன் நினைவுக்கு வருவார், பிறகு காற்றாலைகள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே கைவிடப்பட்டுக் கிடப்பது பலருக்குத் தெரியாது. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் உப்பி, நடப்பவர் காலைக் கவ்விக்கொள்ளும் மண் நம்முடையது. அதன் நடுவே போட்ட தளம் இன்னும் கிடக்கிறது. அந்தக் காலத்து விமானங்கள்தான் போய்விட்டன.

அவற்றில் முதலிடம் டகோட்டாவுக்கு. அதன் மூலமான டக்ளஸ் டிசி-3 ரகம் முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17-ல். போருக்காக ஆயிரக்கணக்கில் செய்து குவித்தார்கள். போர் முடிந்ததும் மலிவாக விற்றார்கள். 1953 ஆகஸ்ட் 1 அன்று எட்டு கம்பெனிகளை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தபோது அதன் கையில் 74 டகோட்டாக்கள் இருந்தன. அதற்கும் முன்பே, 1949-ல், சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லியிலிருந்து கிளம்பும் டகோட்டாக்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடித் தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு திரும்பின. கோவில்பட்டியில் ரயிலேறிய கடிதம் சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறந்தது அப்படித்தான்.

பழைய டகோட்டாக்களில் பல பழைய இரும்பு விலைக்குப் போயின.

தப்பிய கதைகளும் உண்டு. ஒடிசாவின் முன்னாள் முதல்வர் பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் டகோட்டா ஒன்று கொல்கத்தா விமான நிலையத்தில் பல ஆண்டுகள் கேட்பாரற்று நின்றது. அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, லாரிகளில் ஏற்றி, 2023 ஜனவரியில் புவனேஸ்வரத்துக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். இன்னொன்று பறந்தே வந்தது. 1944-ல் செய்த ஒரு டகோட்டாவை அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, பிரிட்டனில் பழுதுபார்த்து, இந்திய விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். அவருடைய தந்தை ஏர் கமோடர் எம்.கே. சந்திரசேகர் டகோட்டா விமானி. 2018 ஏப்ரலில் பிரிட்டனிலிருந்து கிளம்பி ஜாம்நகரில் இறங்கிய அந்த விமானத்துக்குப் பரசுராமா என்று பெயர். வாலில் வி.பி. 905 என்ற எண். 1947 அக்டோபர் 27 அன்று காஷ்மீர்ப் போருக்காக முதல் இந்தியப் படையினரை ஸ்ரீநகரில் இறக்கிய டகோட்டாவின் எண் அது.

பீடத்தில் ஏற்றி மாலை போட்டுவிட்டால் விமானம் பிழைத்துவிடாது. அதன் எமன் தண்ணீர். மழைநீர் கூரைத் தகட்டின் இடுக்கில் புகுந்து அடிவயிற்றில் தேங்கும். அங்கே உள்ள சிறு வடிதுளைகளைக் குருவிக்கூட்டுக் குப்பையும் தூசியும் அடைத்தால் போதும். எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடமெல்லாம் உவர் பூத்தது போல வெள்ளை மாவு கிளம்பும். பளபளக்க வேண்டுமென்று தேய்த்துக்கொண்டே இருப்பதும் தவறு. கலப்புலோகத் தகட்டின் மேல் காப்பாகப் பூசிய மெல்லிய தூய அலுமினியம் அதில் தேய்ந்துபோகும். எஞ்சினை ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு வேலை: நிறுத்திய விமானத்தில் கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கியிருக்கும். கிளப்புமுன் விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்காவிட்டால் எஞ்சின் உடையும்.

இந்தச் சேதத்தைச் சரிசெய்யத் தகடுகளைக் கழற்ற வேண்டியிருக்கும். அதனால்தான் கேமரா இங்கே ஒரு கருவி. கழற்றும் ஒவ்வொரு தகட்டையும் அளவுகோல் வைத்து, எண் அட்டை வைத்துப் படமெடுக்காவிட்டால் திரும்பப் பூட்டும்போது தடுமாற வேண்டும். பறக்கும் விமானத்தை எடுப்பது வேறு கலை. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தால் விசிறி உறைந்து, எஞ்சின் நின்றுபோன விமானம் வானில் தொங்குவது போலிருக்கும். நூற்றில் ஒரு பங்குக்குக் குறைத்து, விமானத்தோடு கையையும் நகர்த்தினால் விசிறி வட்டமாகச் சுழலும். பத்துக்கு ஒன்பது படம் கலங்கும். தேறுகிற ஒன்றுக்காகத்தான் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறார்கள்.

கயத்தாறில் எடுக்க விமானம் இல்லை. ஆனால் தளம் இருக்கிறது. அதன் நீளம், அகலம், போர்க்காலக் கட்டுமானத்தின் அடுக்குகள், கரிசல் வெடிப்பு அதன் ஓரத்தை எவ்வளவு தின்றிருக்கிறது என்பதையெல்லாம் அளவுகோல் வைத்து எடுக்கலாம். சாய்ந்த வெயிலில்தான் வெடிப்பின் ஆழம் தெரியும். காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும்.

(தொடரும்)