பெயர் தேய்ந்த மூன்று கால்கள்

பழைய டிவி போர்டிலிருந்து கழற்றிய மூன்று கால் கறுப்புத் துண்டு ஒன்று. மேலிருந்த எழுத்து தேய்ந்துவிட்டது. ட்ரான்சிஸ்டர், வோல்ட்டேஜ் ரெகுலேட்டர், தைரிஸ்டர் எல்லாமே இதே உருவத்தில் வருவதால், கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஆனாலும் குப்பையில் போட வேண்டியதில்லை. ஒரு மல்டிமீட்டர் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

மீட்டரை டையோடு நிலைக்கு மாற்றி, சிவப்புக் கம்பியை ஒரு காலில் நிறுத்திக்கொண்டு, கறுப்பால் மற்ற இரண்டு கால்களையும் தொட வேண்டும். இரண்டிலும் 0.6 முதல் 0.7 வோல்ட் வந்தால் அது பெரும்பாலும் என்பிஎன் வகை சிலிக்கான் ட்ரான்சிஸ்டர். சிவப்பு நிற்கும் கால் பேஸ். கறுப்பை நிறுத்திச் சிவப்பை மாற்றும்போது இப்படி வந்தால் பிஎன்பி. அளவு 0.2, 0.3 என்று தாழ்ந்திருந்தால் பழைய ரேடியோக்களில் இருந்த ஜெர்மானியமாக இருக்கலாம்.

அடுத்து, எமிட்டர் எது, கலெக்டர் எது? இங்கேதான் சுவாரசியம். எமிட்டர் பகுதியில் மாசுக் கலப்பு அதிகம் என்பதால், அந்தப் பக்கம் அளவு சில மில்லிவோல்ட் கூடுதலாக இருக்கும்: ஒரு பக்கம் 0.655 என்றால் மறுபக்கம் 0.660. மீட்டரில் பெருக்கத்தை அளக்கும் எச்எஃப்இ துளை இருந்தால் சந்தேகமே மிஞ்சாது. காலை மாற்றிச் செருகினால் பெருக்கம் அடிமட்டத்தில் நிற்கும்; சரியாகச் செருகினால் சிறிய ட்ரான்சிஸ்டர்களில் பெரும்பாலும் நூறைத் தாண்டும்.

உருவத்தை வைத்துக் காலை ஊகிப்பது ஆபத்து. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், பிசி547-இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அதே தோற்றமுள்ள 2என்3904-இல் இது அப்படியே தலைகீழ்.

கண்ணாடி டையோடுகளிலும் இதே குழப்பம். 1என்4148-ஐயும் ஜீனரையும் பிரிக்க, 12 வோல்ட் சப்ளையை 1 கிலோஓம் வழியாகத் தலைகீழாகக் கொடுத்து அளக்கலாம். 5.1 வோல்ட்டில் நின்றால் அது ஜீனர். 12 வோல்ட்டும் அப்படியே வந்தால் சாதாரண டையோடு, அல்லது அதைவிட உயர்ந்த ஜீனர்.

பொடிப்பொடியான எஸ்எம்டி செராமிக் கெபாசிட்டர்களில் பெரும்பாலும் எழுத்தே இருப்பதில்லை. போர்டிலிருந்து கழற்றினால்தான் அளவு நம்பத்தக்கது. இல்லாவிட்டால் பக்கத்துப் பாகங்களும் சேர்ந்துகொள்ளும். கொள்ளளவை அளந்துவிடலாம், எத்தனை வோல்ட் தாங்கும் என்பதை அளக்க முடியாது. எனவே அடையாளம் தெரியாதவற்றை 5 வோல்ட் சர்க்யூட்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. வீட்டு மின்சாரம் பாயும் இடத்துக்குக் கூடவே கூடாது.

இந்த வேலைகளில் பலவற்றைத் தானே செய்யும் கருவியை ஜெர்மனியின் மார்குஸ் ஃப்ரேயெக், ஏவிஆர் மைக்ரோகன்ட்ரோலரைக் கொண்டு உருவாக்கினார். கார்ல்-ஹைன்ஸ் க்யூபெலர் அதை மேலும் வளர்த்தார். அந்த வடிவமைப்பைத் தழுவிய மலிவான டெஸ்டர்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. பாகத்தைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் வகையும் கால்களின் பெயரும் திரையில் வந்துவிடும். கெபாசிட்டரை மட்டும் முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்துவிட வேண்டும். மிச்சமிருக்கும் சார்ஜ் டெஸ்டரின் சிப்பையே எரித்துவிடும்.