துப்பாக்கி உதைக்கும்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். ‘கே.ஜி.எஃப். 2’ (2022) படத்தில் யஷ் இயந்திரத் துப்பாக்கியால் காவல் நிலையத்தைச் சல்லடையாக்கிவிட்டு, பழுத்துச் சிவந்த குழலில் சிகரெட் பற்றவைக்கிறாரே, குழல் அப்படிச் சிவக்குமா என்று கேட்கிறார். சிவக்கும். விடாமல் சுட்டால் இரும்பு பழுக்கத்தான் செய்யும். என்னை உறுத்துவது வேறு: நம் நாயகர்கள் பலர் கையில் துப்பாக்கி உதைப்பதே இல்லை.

நியூட்டனின் மூன்றாம் விதியை விளக்க வேண்டியதில்லை. கணக்கை மட்டும் போடுவோம். 7.62 மி.மீ. குண்டு சுமார் 9.5 கிராம், நொடிக்கு 840 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. நொடிக்குப் பத்துக் குண்டு சுட்டால், சுடுபவரைப் பின்னால் தள்ளும் விசை ஏறக்குறைய 8 கிலோ எடைக்குச் சமம். குழலிலிருந்து சீறும் வாயு அதை இன்னும் கூட்டும். ஓசூர்ப் பக்கம் எங்கள் வயலில் பம்புசெட் ஓஸ் பைப்பைப் பிடித்து நின்றால் அது விடாமல் கையைப் பின்னுக்குத் தள்ளும். அதே தள்ளல்தான், பல மடங்காக.

இதில் எனக்குத் தீராத வியப்பு, அடிபட்ட வில்லன் பறப்பதுதான். குண்டு சுமந்துபோகும் உந்தம், சுட்டவர் தோள் வாங்கியதைவிட அதிகமாக இருக்கவே முடியாது. வில்லன் பறந்தால் நாயகனும் எதிர்ப்பக்கம் பறக்க வேண்டும்! 80 கிலோ ஆளின் உடலில் குண்டு அப்படியே தங்கிவிட்டாலும், அவர் பின்னால் நகரும் வேகம் நொடிக்கு 10 செ.மீ. அளவுதான். நாம் நடக்கும் வேகத்தில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குண்டு கொல்வது துளைத்துக் கிழிப்பதால். வில்லனைப் பறக்கவிடுவது இடுப்பில் கட்டிய ரோப்.

படப்பிடிப்பில் பயன்படுத்தும் வெற்றுத் தோட்டாவில் மருந்து உண்டு, குண்டு இல்லை. முன்னால் பாய்ந்து போக எடை இல்லாததால் உதையும் மிகக் குறைவு. நடிகர்தான் அதைத் தோளில் நடித்துக் காட்ட வேண்டும்.

நிஜ உதையை எப்படித் தாங்குவது என்று, பெங்களூரில் குடகு நண்பர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டிகளில் அங்கே ஆணும் பெண்ணும் கலந்துகொள்கிறார்கள். துப்பாக்கிக் கட்டையைத் தோள்குழியில் இறுக்கி, எடையை முன்காலில் போட்டு நிற்பார்கள். உதை குழலை மேலே தூக்கும், அடுத்த குண்டு எங்கோ போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இது தெரியாத கைகள்தான் ஆபத்து. கல்யாண ஊர்வலத்தில் குஷிக்குச் சுட்டு, பக்கத்தில் நின்றவர் செத்த செய்திகள் வட மாநிலங்களிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, இப்படிச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்போருக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தார்கள். சட்டம் அதன் வேலையைச் செய்யட்டும். சண்டைப் பயிற்சி இயக்குநர்களே, அடுத்த படத்தில் உங்கள் நாயகனுக்கு அந்த உதையைத் தோளில் வாங்கக் கற்றுக்கொடுங்கள்.