சிறு சொல் மாற்றும் பொருள்

அக்குறணையிலிருந்து ஒரு தாய், சுகமில்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலை கண்டிக்கு பஸ்ஸில் வந்தார். கிளினிக் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கிளினிக் 'புட் ஓஃப்' என்று முதல் நாளே ஆங்கிலத்தில் செய்தி வந்திருந்தது. 'புட்' என்றால் வைத்தல். ஆகவே கிளினிக் வைக்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டார். 'புட் ஓஃப்' என்றால் ஒத்திவைத்தல். பஸ் காசும் பகற்பொழுதும் வீண், பிள்ளைக்கோ அலைச்சல்.

சகோதரிகளே! ஆங்கிலத்தில் வினைச்சொல்லோடு ஒரு சிறு சொல் சேர்ந்தால் பொருளே மாறிவிடும். 'லுக்' என்றால் பார்த்தல். 'லுக் ஃபோர்' தேடுதல். 'லுக் ஆஃப்டர்' பராமரித்தல். "ஷீ லுக்ஸ் ஆஃப்டர் ஹேர் மதர்" என்றால், அவள் தன் தாயைப் பராமரிக்கிறாள். 'கிவ்' கொடுத்தல், 'கிவ் அப்' கைவிடுதல். "ஹீ கேவ் அப் ஸ்மோக்கிங்" என்றால், அவர் புகைப்பதை விட்டுவிட்டார்.

அரபியிலும் இப்படி உண்டு. 'ரகிப ஃபீ' என்றால் ஒன்றை விரும்பினான். 'ரகிப அன்' என்றால் அதையே வெறுத்து ஒதுக்கினான். வினை ஒன்றுதான், பின்னால் வரும் சிறு சொல் பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது.

வீட்டில் "லைட்டை ஓஃப் பண்ணு" என்கிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் "ஓஃப் த லைட்" என்கிறோம். இலங்கையில் எவருக்கும் அது விளங்கும். ஆனால் பரீட்சைத் தாளில் பிள்ளை "டேர்ன் ஓஃப் த லைட்" என்றே எழுத வேண்டும்.

இவற்றைத் தனிச் சொல்லாக மனனமிட்டால் நிற்காது. நாளுக்கொரு வசனமாகப் பிள்ளையோடு சேர்ந்து சொல்லிப் பாருங்கள். அடுத்த செய்தி வரும்போது, பஸ் ஏறுமுன்பே விஷயம் விளங்கிவிடும், இன்ஷா அல்லாஹ்.