முடிவுக்குப் பின் வந்த முடிவு

பெல்ஜிய நாட்டு லாரியன் நிறுவனத்தார் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' என்னும் கணினி விளையாட்டில், மாயமும் மந்திரமும் நிறைந்த கதையை நடத்திச் செல்பவர் ஆடுபவரே. யாரைக் காப்பது, யாரைக் கைவிடுவது என்பன அவர் முடிவுகள். இறுதியில் உலகைக் காக்க ஒருவர் தம் உருவிழந்து கொடிய உயிராக மாற நேரலாம். மாறுபவர் தாமா, தோழரா?

அருப்புக்கோட்டையில் அதனை ஆடி முடித்த என் பேரன், "தாத்தா, தோழர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்றே காட்டவில்லையே!" என்று வருந்தினான். உலகெங்கும் பலர் அவ்வாறே குறைப்பட்டனர்.

நமக்கு இது புதிதன்று. 1954இல் 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, கல்கி முடிவுரை எழுதிப் பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சொன்னார். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை மட்டும் ஐயத்திலேயே விட்டார். வாசகர் அதைப் பொறுக்கலாம். அவர் கதையைக் கண்டவர். ஆடுபவரோ செய்தவர். திருச்சுழிக் கரிசலில் மானாவாரிப் பருத்தி விதைத்தவர், காய் வெடிப்பதைக் காண விரும்பமாட்டாரா?

அவ்வாண்டு நவம்பர் 30 அன்று நிறுவனத்தார் பின்னுரை ஒன்றைச் சேர்த்தனர். ஆறு திங்கள் கழித்துத் தோழர்கள் விருந்துக்குக் கூடுகின்றனர். உருமாறியவர் உயிரோடிருந்தால் அவரும் வருகிறார், அந்தக் கொடிய உருவத்துடனேயே.