பழைய ஆண்ட்ராய்டு போனில் கஸ்டம் ரோம்: போடுவது எப்படி, பாதியில் நின்றால் என்ன செய்வது?

2018 ஆகஸ்ட்டில் 20,999 ரூபாய் ஆரம்ப விலையில் இந்தியாவில் அறிமுகமான போக்கோ எஃப்1 போன், இன்னும் பலர் வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கிறது. ஸ்னாப்டிராகன் 845 சிப், 4,000 எம்ஏஎச் பேட்டரி என ஹார்டுவேர் இன்னும் தெம்பாகத்தான் இருக்கு. ஆனால் நிறுவனம் கொடுத்த ஆண்ட்ராய்டு அப்டேட் 10-உடன் நின்றுவிட்டது. பாதுகாப்பு பேட்ச் வராத போனில் மெயிலும் பேங்க் கணக்கும் வைத்திருப்பது நல்லதில்லை.

அதே போனில் ஆண்ட்ராய்டு 14 ஓட்டுபவர்களும் இருக்காங்க. எப்படின்னா, கஸ்டம் ரோம்.

கஸ்டம் ரோம் என்றால் என்ன?

ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரலை கூகுள் பொதுவில் வெளியிடுகிறது. அதை எடுத்து, ஒவ்வொரு போன் மாடலுக்கும் ஏற்ற மாதிரி தன்னார்வ டெவலப்பர்கள் தயாரிப்பதுதான் கஸ்டம் ரோம். ஸ்டீவ் கோண்டிக் 2009-ல் எச்டிசி ட்ரீம் போனுக்காக ஆரம்பித்த சயனோஜென்மாட் இதில் ரொம்பப் பிரபலம். 2016 டிசம்பரில் அது மூடப்பட்டதும், அதன் வாரிசாக வந்ததுதான் இன்றைய லினியேஜ் ஓஎஸ். (ரோம் என்றால் படிக்க மட்டுமே முடிந்த நினைவகம் என்று பொருள். அதில் புதிதாக எழுதுவதற்கும் அதே பெயரைத்தான் வச்சிருக்காங்க!)

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். கஸ்டம் ரோம் ஆண்ட்ராய்டு பகுதியை மட்டும்தான் புதுப்பிக்கும். மோடம், பூட்லோடர் போன்றவற்றின் ஃபர்ம்வேர் நிறுவனம் கடைசியாகக் கொடுத்த நிலையிலேயே இருக்கும். எனவே "புது போன் மாதிரி பாதுகாப்பு" என்று யாராவது வீடியோவில் சொன்னால் முழுசா நம்ப வேண்டாம்.

போடுவதற்கு முன் எதை இழப்பீர்கள்?

முதலில் டேட்டா. பூட்லோடரைத் திறக்கும் அந்த நொடியிலேயே போனில் உள்ள போட்டோ, சாட், ஆப் எல்லாம் அழிந்துவிடும். பேக்கப் எடுத்து, அது வேறு சாதனத்தில் திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

இரண்டாவது, பலரும் போட்ட பிறகு வருத்தப்படுவது, பேங்க் மற்றும் யுபிஐ ஆப்கள். போன் நம்பகமானதா என்று கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி மூலம் இந்த ஆப்கள் சோதிக்கும். பூட்லோடர் திறந்திருந்தால் அந்தச் சோதனையில் போன் தேறுவது கஷ்டம். சில ஆப் வேலை செய்யும், சில ஆப் திறந்த உடனே மூடிக்கொள்ளும். இதை ஏமாற்ற வழி சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. இன்று வேலை செய்யும் வழி அடுத்த வாரம் வேலை செய்யாது. காய்கறிக் கடையில் க்யூஆர் முன்னால் நின்று கை பிசைய வேண்டாம் என்றால், யுபிஐ-க்கு வேறொரு போன் வைத்துக்கொள்ளுங்கள். இருப்பது ஒரே போன் என்றால் இந்த வேலையில் இறங்காதீங்க.

ஓடிடி ஆப்களில் ஹெச்டி தரம் போய் சாதாரணத் தரத்தில் மட்டும் படம் ஓடலாம். சாம்சங் போன் என்றால், உள்ளே இருக்கும் நாக்ஸ் ஃபியூஸ் ஒருமுறை எரிந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. பழைய மென்பொருளை மறுபடி போட்டாலும் சாம்சங் பே, செக்யூர் ஃபோல்டர் கிடைக்காது.

பூட்லோடரைத் திறப்பது

போன் ஆன் ஆகும்போது எந்த மென்பொருளை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் காவலாளிதான் பூட்லோடர். செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' மீது 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'ஓஇஎம் அன்லாக்கிங்', 'யுஎஸ்பி டீபக்கிங்' இரண்டையும் ஆன் செய்ய வேண்டும்.

பிறகு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிக்சலில் கம்ப்யூட்டரிலிருந்து 'ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் அன்லாக்' என்ற ஒரே கட்டளை போதும். மோட்டோரோலா தன் இணையதளத்தில் கோடு கொடுக்கும். ஷாவ்மி, போக்கோவில் எம்ஐ கணக்கை போனுடன் இணைத்து, எம்ஐ அன்லாக் என்ற மென்பொருள் மூலம் திறக்க வேண்டும். கணக்கை இணைக்கும்போது வைஃபையை அணைத்து சிம்மின் டேட்டாவை ஆன் செய்திருக்க வேண்டும். அதன் பிறகும் பெரும்பாலும் 168 மணி நேரம், அதாவது 7 நாள் காத்திருக்கச் சொல்லும். நடுவில் கணக்கிலிருந்து வெளியே வந்து மறுபடி இணைத்தால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். பொறுமையாக விட்டுவிடுங்கள்.

ரோம் ஏற்றும் வரிசை

உங்கள் மாடலின் ரகசியப் பெயர் என்ன என்று முதலில் பாருங்கள். போக்கோ எஃப்1-க்கு 'பெரிலியம்'. கடையில் விற்கும் பெயர் ஒன்று போலிருந்தாலும் இந்தப் பெயர் வேறானால் அந்த ரோம் உங்களுக்கானது அல்ல. ரோம் பக்கத்தில், போனில் எந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் ஃபர்ம்வேர் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருப்பார்கள். இதைத்தான் பலரும் படிக்காமல் தாண்டுகிறார்கள்.

பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். எஃப்1 போன்ற போன்களில் முதலில் ரெக்கவரி ஃபைலை ஃபாஸ்ட்பூட் மூலம் ஏற்ற வேண்டும். ஏற்றிய உடனே வால்யூம் மேல் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தி நேராக ரெக்கவரிக்குள் போய்விடுங்கள். வழக்கம்போல போனை ஆன் செய்தால், பழைய சிஸ்டம் தன் ரெக்கவரியை மறுபடி எழுதிவிடும். அப்புறம் "போட்டேன், காணோம்" என்ற புலம்பல்தான்.

ரெக்கவரியில் 'ஃபார்மட் டேட்டா' கொடுத்துவிட்டு, 'ஏடிபி சைட்லோடு' மூலம் ரோம் ஃபைலை அனுப்ப வேண்டும். லினியேஜில் கூகுள் ஆப்கள் இருக்காது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால், அந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்கான கூகுள் ஆப்ஸ் தொகுப்பை முதல் முறை போன் ஆன் ஆவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஆன் ஆன பிறகு போட்டால் செட்டப் திரையே திரும்பத் திரும்ப நின்றுபோகும்.

எங்கே சிக்கும்?

கம்ப்யூட்டரில் 'வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்' என்று வந்து அப்படியே நின்றால், போன் மேல் தப்பு இல்லை. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கும், அல்லது விண்டோஸில் ட்ரைவர் இருக்காது. டேட்டா போகும் கேபிளை மாற்றுங்கள், கூகுள் யுஎஸ்பி ட்ரைவரைப் போடுங்கள். சில கம்ப்யூட்டர்களில் யுஎஸ்பி 3 போர்ட்டில் ஃபாஸ்ட்பூட் தகராறு செய்யும். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டிலோ சாதாரண ஹப் வழியாகவோ இணைத்தால் சரியாகிவிடும்.

சைட்லோடு 47 சதவீதத்தில் நின்றுவிட்டதா? பதறி கேபிளைப் பிடுங்காதீங்க. பல போன்களில் வேலை முழுசா முடிந்த பிறகும் கம்ப்யூட்டர் திரை 47-லேயே நிற்கும். கூடவே 'ஃபெயில்டு டு ரீட் கமாண்ட்: சக்சஸ்' என்று ஒரு செய்தி வேறு. தோல்வியும் வெற்றியும் ஒரே வரியில்! போன் திரையில் என்ன வருகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

'எரர் 7' வந்தால், அந்த ஃபைல் உங்கள் போனுக்கானது இல்லை, அல்லது ரெக்கவரி பழசு. ஃபைலுக்குள் போய் சோதனை வரியை நீக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். போனைக் காப்பாற்ற வைத்த வரி அது.

லோகோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? முதல் முறை 10, 15 நிமிடம் ஆவது சகஜம். அதைத் தாண்டினால் பூட்லூப். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: 'வைப்' செய்திருப்பார்கள், 'ஃபார்மட் டேட்டா' செய்திருக்க மாட்டார்கள். பழைய சிஸ்டம் பூட்டி வைத்த டேட்டாவைப் புதுசு திறக்க முடியாமல் திணறும். ரெக்கவரிக்குள் போய் ஃபார்மட் கொடுத்தால் பாதிப் பிரச்னை தீரும்.

போன் ஆகிறது, நெட் வருகிறது, ஆனால் கால் போகவில்லை என்றால் வோல்ட்இ-யைப் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. ரோமில் வோல்ட்இ சரியில்லை என்றால் ஜியோ சிம்மில் வழக்கமான முறையில் பேசவே முடியாது. ரோமைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

சிக்னலே இல்லை என்றால் *#06# அழுத்துங்கள். ஐஎம்இஐ எண் காணாமல் போயிருந்தால், அந்தத் தகவல் இருக்கும் பகுதி கெட்டிருக்கிறது என்று அர்த்தம். முதலிலேயே ரெக்கவரி மூலம் இஎஃப்எஸ் பகுதியை பேக்கப் எடுத்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தால் மீட்கலாம். இல்லையென்றால் சர்வீஸ் சென்டர்தான். "வேற ஐஎம்இஐ எழுதித் தர்றேன்" என்று கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தொலைத்தொடர்பு சட்டம் 2023-ன்படி அது 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

பழைய மென்பொருளுக்கே திரும்பணுமா?

திரும்பலாம். நிறுவனத்தின் அசல் ஃபைலை ஃபாஸ்ட்பூட் மூலம் ஏற்ற வேண்டும். ஷாவ்மியின் எம்ஐ ஃப்ளாஷ் மென்பொருளில் கீழ் ஓரம் பாருங்கள், 'க்ளீன் ஆல் அண்ட் லாக்' என்பது தானாகவே தேர்வாகியிருக்கும். அதை 'க்ளீன் ஆல்' என்று மாற்றாமல் பட்டனைத் தட்டினால் பூட்லோடர் மறுபடி பூட்டிக்கொள்ளும். தவறான பகுதிக்கான ஃபைலை ஏற்றிவிட்டுப் பூட்டியிருந்தால், அல்லது கஸ்டம் ரோம் உள்ளே இருக்கும்போதே பூட்டினால், போன் செங்கல்தான். 'ப்ரிக்' என்று சொல்வது இதைத்தான். சில மாடல்களில் இப்போது இருப்பதைவிடப் பழைய பதிப்பைப் போட்டாலும் இதே கதி. 2018-ல் ரெட்மி நோட் 5 ப்ரோ வைத்திருந்த பலர் இப்படித்தான் மாட்டினார்கள்.

ஃபாஸ்ட்பூட் திரையாவது வந்தால் மீட்க வழி உண்டு. திரை முழுக்க இருட்டு, கம்ப்யூட்டரில் 'குவால்காம் 9008' என்று மட்டும் காட்டினால், போன் இடிஎல் என்ற அவசர நிலையில் இருக்கிறது. ஷாவ்மியின் பல மாடல்களில் அங்கிருந்து மென்பொருள் ஏற்ற நிறுவனம் அங்கீகரித்த கணக்கு வேண்டும். அது சர்வீஸ் சென்டரில் இருக்கும். பில்லோடு அங்கே போய், என்ன செய்தோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டால் அவர்களுக்கும் வேலை சுலபம்.