மோட்டார் அதிர்ந்தால் அசட்டை வேண்டாம்

பயிர் தண்ணீர் கேட்கும் நாளில் மோட்டார் நின்றுவிடுவதைப் போன்ற தொல்லை கிணற்றுப் பாசன விவசாயிக்கு வேறில்லை. பேரிங் தேய்வதும் காயில் கருகுவதும் பெரும்பாலும் திடீரென்று நேருவதில்லை. அதற்கு வெகு நாள் முன்பே மோட்டார் அதிர்ந்து எச்சரித்திருக்கும்.

தாம்பரம் 2021-இல் மாநகராட்சியாயிற்று. சேலையூர், செம்பாக்கம் பக்கத்து வயல்களில் பெரும்பகுதி வீட்டுமனைகளாகிவிட்டன. ஆயினும் மணிமங்கலம், படப்பை வட்டாரத்தில் ஏரியையும் கிணற்றையும் நம்பிச் சாகுபடி செய்வோர் இன்றும் உள்ளனர். கிணற்றின் குறுக்கே இரும்புச் சட்டம் போட்டு அதன்மேல் மோட்டாரை வைத்திருப்போர் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

அதிர்வுக்குக் காரணம்

தளர்ந்த போல்ட், தேய்ந்த பேரிங், எடை சமமில்லாத இம்பெல்லர், நேர்கோட்டில் அமையாத இணைப்பு ஆகியவை சாதாரணக் காரணங்கள். இவற்றைச் சரிசெய்த பிறகும் அதிர்வு நீடித்தால் குறை தாங்கும் சட்டத்தில் இருக்கலாம்.

ஊஞ்சலை அது ஆடும் தாளத்துக்கேற்பத் தள்ளினால் சிறு தள்ளுதலிலேயே உயர ஆடும். இரும்புச் சட்டத்துக்கும் அவ்வாறு ஓர் இயல்பான தாளம் உண்டு. நிமிடத்துக்கு 2880 சுற்றுச் சுற்றும் மோனோபிளாக் பம்பு விநாடிக்கு 48 முறை சட்டத்தைத் தள்ளுகிறது. சட்டத்தின் தாளமும் 48-ஐ ஒட்டியிருந்தால் அதிர்வு பன்மடங்காகப் பெருகும். புது மோட்டார் வாங்கி வைத்தாலும் அதே தொல்லைதான்.

கண்டறிவது எப்படி?

ஓடும் மோட்டாரை நிறுத்தி, சுழலும் பாகங்களைத் தொடாமல் விலகி நின்று கவனிக்க வேண்டும். மின்சாரம் நின்ற அந்தக் கணமே அதிர்வு மறைந்தால் குறை மின்பகுதியில் இருக்கலாம். வேகத்தோடு சேர்ந்து படிப்படியாகக் குறைந்தால் இயந்திரப் பகுதியைப் பார்க்க வேண்டும். வேகம் குறையும் வழியில் ஓரிடத்தில் அதிர்வு கூடிப் பின் அடங்கினாலோ, வேகம் சற்றே இறங்கியதும் சட்டென்று தணிந்தாலோ சட்டத்தின் தாளத்தைச் சந்தேகிக்கலாம்.

கணினியின் உதவி

சட்டத்தைச் செய்யுமுன்பே இதைக் கணக்கிட இன்று வழியுண்டு. மோட்டார், அடித்தகடு, சட்டம் ஆகியவற்றின் அளவுகளைக் கணினியில் வரைந்து, ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எப்படி வளையும் என்று கணக்கிடுகிறார்கள். இம்முறைக்கு அமெரிக்கப் பேராசிரியர் ரே கிளஃப் 1960-இல் பெயர் சூட்டினார். முன்பு இதற்கு விலையுயர்ந்த கணினி தேவைப்பட்டது. இப்போது இணையத்தின் வழியாகத் தொலைவிலுள்ள பெரிய கணினிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஜெர்மனியில் 2012-இல் தொடங்கிய சிம்ஸ்கேல் இத்தகைய சேவைகளில் ஒன்று.

இதை விவசாயி தாமே செய்ய வேண்டியதில்லை. குரோம்பேட்டையில் 1949-இல் நிறுவப்பட்ட எம்.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரிகளில் பயின்றவர்களுக்கு இம்முறை தெரிந்ததே. சட்டம் செய்து தரும் பட்டறைக்காரர் அத்தகைய ஒருவரிடம் கணக்கைக் கேட்டுப் பெறலாம். சட்டத்தின் தாளம் 48-இலிருந்து ஏறத்தாழ 20 சதவீதமாவது விலகியிருப்பது நல்லது.

ஆனால் தவறான அளவு கொடுத்தால் விடையும் தவறாகவே வரும். துருப்பிடித்து மெலிந்த இரும்பையும் வெடித்த கான்கிரீட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எளிய பரிகாரம்

சட்டத்தின் நடுவில் உறுதியான முட்டுக் கொடுத்துத் தாங்கும் நீளத்தைப் பாதியாக்கினால், அதன் விறைப்பு சுமார் எட்டு மடங்காகும். தாளமும் வெகுவாக உயர்ந்து 48-ஐ விட்டு விலகிப்போகும். மோட்டாரின் நான்கு கால்களும் சமமாகப் படிகின்றனவா என்று பார்த்து, இடைவெளியுள்ள காலின் அடியில் தகட்டுத்துண்டு வைத்து இறுக்க வேண்டும். போல்ட்டுகளை மாதம் ஒரு முறை சோதிப்பது நலம். இவ்வேலைகளுக்கு முன் மெயின் சுவிட்சை நிறுத்தி பியூஸ் கட்டைகளைக் கழற்றிவிடுவது அவசியம்.

காயில் கட்டும் கூலியோடு ஒப்பிட்டால், ஒரு முட்டும் நான்கு தகட்டுத்துண்டும் பெரிய செலவல்ல.