இளவயதில் தோள்மூட்டு விலகினால்

வள்ளத்தில் ஏறும்போது கால் வழுக்குகிறது. விழாமலிருக்க ஒரு கையால் விளிம்பைப் பிடிக்கிறான் பதினெட்டு வயதுப் பையன். உடலின் பாரம் முழுவதும் அந்தக் கையில் தொங்க, தோள்மூட்டு முன்பக்கமாக விலகிவிடுகிறது. திருகோணமலைக் கரையோரத் தொழிலாளிகளுக்கும், கரப்பந்து, கபடி ஆடும் மாணவர்களுக்கும் இப்படி நேரலாம். யாராவது இழுத்துப் போட்டு, நோ குறைந்ததும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். இளவயதில் அப்படி மறக்கக் கூடாது.

தோளின் கிண்ணம் மிகவும் ஆழமற்றது. சோடா மூடியில் வைத்த தேசிக்காயைப் போலத்தான் மேற்கை எலும்பின் உருண்டை அதில் நிற்கிறது. அது நழுவாமல் தடுப்பவை கிண்ணத்தின் ஓரத்திலுள்ள குருத்துவளையம், இணைப்புநார்கள், சுற்றியுள்ள தசைகள். முன்பக்கமாக விலகும்போது அந்த வளையம் பெரும்பாலும் எலும்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது. இக்காயத்தை 1923இல் விளக்கிய ஆங்கிலேய மருத்துவர் பாங்கார்ட்டின் பெயரே இதற்கு நிலைத்தது. பிய்ந்த வளையம் பழைய இடத்தில் ஒட்டாவிட்டால் தோள் மறுபடி விலகும். இருபது வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அப்படி நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தின் ஓரம் தேயலாம். உருண்டையின் பின்புறம் நசுங்கிப் பள்ளம் விழலாம்.

தோள் மறுபடி விலகாமல் தடுக்கச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். எந்தச் சத்திரசிகிச்சை என்பதை எலும்பின் நிலைதான் தீர்மானிக்கும். அதற்காகவே எக்ஸ்ரேயோடு எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன்களும் எடுக்கப்படுகின்றன. எலும்பு பெரிதாகத் தேயாவிட்டால், சிறு துளைகள் வழியே கமராவைச் செலுத்தி, பிய்ந்த வளையத்தைச் சிறு நங்கூர ஆணிகளாலும் நூலாலும் கிண்ணத்தின் ஓரத்தில் மீண்டும் கட்டுவார்கள். கிண்ணத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அந்தத் தையல் மட்டும் தாங்காது. அப்போது தோள்பட்டை எலும்பின் முன் நீட்சியை, அதில் பற்றியிருக்கும் தசைநாரோடு வெட்டியெடுத்து, தேய்ந்த இடத்தில் திருகாணியால் பொருத்துவார்கள். பிரான்சின் லத்தார்ஜே 1954இல் விவரித்த முறை இது. இந்தச் சத்திரசிகிச்சைகளுக்குப் பின் தொற்று, நரம்புக் காயம், மூட்டு இறுக்கம், மறுபடி விலகுதல் ஆகியவை சிலருக்கு வரக்கூடும்.

எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. பிறவியிலேயே மூட்டுகள் தளர்வாக இருப்பவர்களுக்கு முதலில் தசைப் பயிற்சிதான். சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் சில வாரங்கள் கையைத் தூளியில் வைத்திருக்க வேண்டும். பின்னர் பல மாதம் பிசியோதெரபி செய்ய வேண்டும். மோதி ஆடும் விளையாட்டுக்கும் பாரமிழுக்கும் வேலைக்கும் திரும்பப் பொதுவாக ஆறு மாதமாவது ஆகும். வருமானம் நிற்கும் அந்தக் காலத்துக்குக் குடும்பம் முன்கூட்டியே ஆயத்தமாவது நல்லது.

தோள் விலகினால் வீட்டில் இழுக்காதீர்கள். எலும்பு முறிந்திருக்கவும், நரம்பு நசுங்கியிருக்கவும் கூடும். கையை அசையாமல் துணியால் கட்டி, உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். மூட்டைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பினாலும், எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக்குக்குத் தவறாமல் போங்கள். இரண்டாம் தடவை விலகும்வரை காத்திருக்க வேண்டாம்.